சின்ன வேலைதான்

வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் யாரும் அதைக் கட்டி முடிப்பதில்லை. பறக்க ஆரம்பித்த பிறகும் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டேதான் இருப்போம். இருக்கை இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் இடுப்பு வலிக்காது, காற்று நுழையும் வாயைப் பெரிதாக்கினால் இஞ்சின் சூடு குறையும், புதிதாக வந்திருக்கும் திரையைப் பொருத்தினால் பார்க்க வசதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கும். நான் செய்த மாற்றத்துக்கும் மிக நல்ல காரணம் இருந்தது: பாதுகாப்பு. அந்த மாற்றத்தைச் செய்த மறுநாள் காலையில் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பறந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். அப்பா பம்ப் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் வேலைக்காக வந்து சேர்ந்த இடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்காக 1953-ல் பால் போபெரெஸ்னி தொடங்கிய இஏஏ சங்கம் பிறந்தது இந்த மாநிலத்தில்தான். வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில் ஆஷ்காஷ் நகரத்தில் அந்தச் சங்கத்தின் விழா நடக்கும். ஆயிரக்கணக்கான சிறு விமானங்கள் புல்தரையில் வரிசை கட்டி நிற்கும். ஓட்டி வந்தவர்கள் இறக்கை ஓரத்திலேயே கூடாரம் அடித்துத் தூங்குவார்கள். ஒருமுறை வேடிக்கை பார்க்கப் போனேன். அடுத்த வருஷமே எங்கள் வீட்டு கராஜில் காருக்கு இடமில்லாமல் போயிற்று.

நான் கட்டியது ஆர்வி-9ஏ. இரண்டு பேர் அருகருகே உட்காரும், தாழ்ந்த இறக்கை கொண்ட அலுமினிய விமானம். ஆரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனம் விற்கும் கிட். தகடுகள் துளை போட்டே வரும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வேலையை, கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிற சாதாரண ஆட்களே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். வேலை என்றால் முக்கால்வாசி ரிவெட் அடிப்பதுதான். வெளியே ஒருவர் ரிவெட் கன்னைப் பிடித்து அடிக்கும்போது, உள்ளே இன்னொருவர் கனமான இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலுக்கு நேராக அழுத்திப் பிடிக்க வேண்டும். இறக்கையின் உள்மூலைகளுக்கு என் கை போகாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளின் கை போகும். கட்டையைப் பிடிப்பதோடு அவள் நிற்கவில்லை. சின்ன டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்து, "அப்பா, இது சாஞ்சிருக்கு" என்பாள். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றும். அவளுக்குத் தோன்றாது. துளையிட்டு அந்த ரிவெட்டை எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்போம்.

இப்படிக் கட்டிய விமானத்தில் உடனே யாரையும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. இஞ்சினும் ப்ரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம், குறிப்பிட்ட எல்லைக்குள் பறந்து சோதிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் பயணிக்கு இடமில்லை. என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று மகள் கெஞ்சினாள். "சட்டம் விடாது கண்ணு" என்றேன். அவள் ஓடுபாதை ஓரத்தில் நின்று கையசைத்தாள். அந்த மணி நேரங்களை ஒழுங்காகத் தனியாக ஓட்டி முடித்தேன். அதன் பிறகு அவளை ஏற்றிய நாளில், பயணிகள் பார்க்கும்படி ஒட்டியாக வேண்டிய எச்சரிக்கைப் பட்டையைச் சத்தமாக வாசித்தாள். இது சாதாரண ஆட்கள் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்பது அதன் சாரம். அவளே ஒட்டிய பட்டைதான் அது. சிரித்துக்கொண்டே பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மூன்று வருஷம் நன்றாகப் பறந்தோம். பிறகுதான் அந்த மாற்றம் மனதில் விழுந்தது.

சிறு விமானங்கள் விழுவதற்கான காரணங்களில் வெட்கக்கேடானது, பெட்ரோல் தீர்ந்துபோவது. தொட்டியின் அளவுமானி உத்தேசமாகத்தான் காட்டும். இஞ்சினுக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன சென்சாரைப் பொருத்திவிட்டால், மணிக்கு எத்தனை கேலன் போகிறது, இன்னும் எத்தனை மிச்சம் என்று திரையில் எண்ணாகவே வந்துவிடும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பொருள். பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் குழாயைக் கழற்றி, இடையில் இதைச் சேர்த்து, இரண்டு பக்கமும் இணைப்பு கொடுக்க வேண்டும். ஒரு சாயங்கால வேலை.

அக்டோபர் மாதம். டோர் கவுண்டி தீபகற்பத்தில் மரங்கள் சிவந்து நிற்கும் நேரம். சனிக்கிழமை காலையில் மேலேயிருந்து அதைப் பார்க்கப் போவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், விமானம் நிற்கும் ஹேங்கரில் வேலையை ஆரம்பித்தேன்.

விமானக் குழாய்களில் இரண்டு வகை இணைப்பு உண்டு. வாய் விரிந்த குழாய் உலோகத்தோடு உலோகமாக உட்காருவது ஒன்று. அதற்குப் பூச்சு எதுவும் வேண்டாம். இன்னொன்று நுனி குறுகிக்கொண்டே போகும் மரை. அதில் கசியாமல் இருக்க, பெட்ரோல் தாங்கும் பசையை மரையில் தடவி முறுக்க வேண்டும். சென்சாரின் இரண்டு வாயிலும் இருந்தது இரண்டாவது வகை. என்னிடமிருந்த பசைக் குழாய் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. கடை மூடும் நேரம். கருவிப் பெட்டியின் அடித்தட்டில், வீட்டுக் குழாய் வேலைக்கு வாங்கிய வெள்ளை டெஃப்ளான் டேப் கிடந்தது.

எரிபொருள் குழாயில் டெஃப்ளான் டேப் சுற்றாதே என்பது விமானம் கட்டும் வேலையில் முதலில் காதில் விழும் பாடங்களில் ஒன்று. முறுக்கும்போது டேப் கிழிந்து நூலாகப் பிரியும். அந்த நூல் பெட்ரோலோடு போய் எங்காவது அடைத்துக்கொள்ளும். எனக்கு இது நன்றாகவே தெரியும். முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து சுற்றினால் நுனி உள்ளே போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜாக்கிரதையாகத்தான் சுற்றினேன். செய்யக்கூடாத வேலையை ஜாக்கிரதையாகச் செய்தால் சரியாகிவிடும் என்று அப்போது நம்பினேன்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. வீட்டில் கட்டிய விமானத்தில் பெரிய மாற்றம் செய்தால் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குறைந்தது 5 மணி நேரம் மறுபடியும் சோதனைப் பறப்பு. மறுபடியும் பயணி இல்லை. எடை, சமநிலை, வலிமை, நம்பகத்தன்மை, பறக்கும் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்க அளவு பாதித்தால் அது பெரிய மாற்றம். உள்ளங்கையில் அடங்கும் சென்சார் எதைப் பாதிக்கப் போகிறது? சின்ன வேலைதான் என்று தீர்மானித்தேன். இதில் விவாதத்துக்கு இடம் உண்டு. அந்த இடத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன். பெரிய மாற்றம் என்று ஒப்புக்கொண்டால் சனிக்கிழமை போய்விடும்.

பக்கத்து ஹேங்கரில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆயுள் முழுக்க விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இஏஏ சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர். கூப்பிட்டால் பைசா வாங்காமல் வந்து பார்ப்பார். கட்டிய காலத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் அவரைக் கூப்பிட்டேன். அன்று அவர் ஹேங்கரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போகவில்லை. போனால் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும், எங்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஜான் டென்வரின் விபத்தைப் பற்றி எழுந்து நின்று பேசியவன் நான். 1997 அக்டோபர் 12 அன்று, கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்த பாடகர். அவர் ஓட்டியது பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈசி. வேறொருவர் கட்டியதை வாங்கியிருந்தார். எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று திருப்பும் வால்வு, ரூட்டனின் வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கிறது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றிவிட்டார். பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் எண்ணம். தீப்பிடித்தால் ஆபத்து அல்லவா? நல்ல எண்ணம்தான். ஆனால் பறந்துகொண்டே அந்த வால்வைத் திருப்ப, உடம்பை முறுக்கிப் பின்னால் கை விட வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் ரடர் பெடலை அழுத்தியிருக்கிறது, விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். வால்வில் எந்தத் திசை எந்தத் தொட்டி என்ற குறியும் இல்லை. புதிய விமானத்தில் அவருக்குப் போதிய பழக்கமும் இல்லை. "இந்த விபத்து அந்த மனிதர் ஏறுவதற்குப் பல வருஷம் முன்பே பட்டறையில் ஆரம்பித்துவிட்டது" என்று அன்று சொன்னேன். தலையாட்டினார்கள். அதே நான்தான் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி டேப் சுற்றினேன்.

காலையில் இஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். கசிவு இல்லை. த்ராட்டிலை முழுக்கத் தள்ளிச் சில நொடிகள் பிடித்தேன். நன்றாக உறுமியது. திரையில் புது எண் ஓடியது. மகள் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

ஓடுபாதையை விட்டு எழும்பி, மரங்களைத் தாண்டி, சுமார் 800 அடி ஏறியிருப்போம். இஞ்சினின் சத்தம் லேசாகக் கீறியது. நான் உணர்வதற்கு முன்னால் மகள் சொன்னாள்: "அப்பா, சத்தம் மாறுது."

அடுத்த கணம் விமானமே குலுங்க ஆரம்பித்தது. விசை இறங்குவது முதுகில் தெரிந்தது. கை தானாக மூக்கைத் தாழ்த்தியது. அது ஒன்றுதான் பயிற்சியின் புண்ணியம். எரிபொருள் அழுத்தமானியைப் பார்த்தேன். முள் சரியான இடத்தில் நின்றது. எலெக்ட்ரிக் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியை மாற்றினேன். மாற்றமில்லை. புது சென்சாரின் எண் 14 கேலனிலிருந்து 9-க்கு இறங்கியிருந்தது. இன்னும் அளவு சரிபார்க்காத கருவி, தப்பாகக் காட்டுகிறது என்று அதை ஒதுக்கினேன். அந்த காக்பிட்டில் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.

கீழே அறுவடை முடிந்த சோளக்காடு. அதில் இறக்கிவிடலாமா என்று த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்தேன். குலுக்கல் நின்றது. இஞ்சின் சீராக ஓடியது. திரும்பத் தள்ளினால் குலுக்கல், இழுத்தால் சீர். ஏன் என்று புரியவில்லை. எந்த நொடி நிற்கும் என்றும் தெரியவில்லை. முன்னால் இருந்த காட்டை விட்டுவிட்டு, பாதி விசையில் ஓடும் அந்த இஞ்சினை நம்பி ஓடுபாதைக்குத் திரும்பினேன். வளைந்து வந்து இறங்கிவிட்டோம். அந்த நம்பிக்கைக்கு அப்போது என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. திருப்பத்தில் இஞ்சின் நின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவளும்.

ஹேங்கர் வாசலில் இஞ்சினை அணைத்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. பெரியவர் எங்கள் வட்டத்தைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறார். கருவிப் பெட்டியோடு அவராகவே வந்தார். இஞ்சின் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் விரல் அளவுக்கு ஒரு வலை வடிகட்டி இருக்கும், அதை உருவி எடுத்தார். நீலப் பெட்ரோல் சொட்டியது. வலையின் மேல் ஈரமான வெள்ளைச் சுருள் ஒன்று பாதி வலையை மூடி ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மரையின் தடம் அதில் அப்படியே பதிந்திருந்தது.

எல்லாம் புரிந்தது. அழுத்தத்தை அளக்கும் இடம் வலைக்கு முன்னால். அடைப்பு பின்னால் இருக்கையில் முள் எப்படி இறங்கும்? கார்புரேட்டரின் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் தேங்கியிருக்கும். தரையில் நான் பிடித்த அந்தச் சில நொடிக்கு அதுவே போதும். வானத்தில் முழு விசை தொடரத் தொடர, வருவதைவிடச் செலவு அதிகமாகிக் கிண்ணம் வற்றியது. த்ராட்டிலை இழுத்ததும் அரைகுறையாக வருவது போதுமானதாகிவிட்டது. பெரியவரிடம் இதையெல்லாம் வேகவேகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்க விளக்க எனக்குத் தெம்பு வந்தது. காரணம் கண்டுபிடித்தாயிற்று, டேப்பைக் கழற்றிப் பசை போட்டால் முடிந்தது, மதியத்துக்குள் தயார்.

மகள் இறக்கையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வயது அவளுக்கு. அவள் குரலில் கோபம் இல்லை.

"அப்பா, நீங்க முதல்ல தனியா ஓட்டிப் பாத்தீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். தரையில் ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்லலாம். சட்டப்படி இது பெரிய மாற்றமில்லை என்று சொல்லலாம். எல்லாம் தயாராக இருந்தது. நேற்று ராத்திரியே எனக்கு நானே சொல்லிப் பழகியவைதானே. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. ஓடுபாதை ஓரத்தில் அவளை நிற்க வைத்த அந்த நாட்களில், சட்டம் விடாது என்று நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். அன்று விமானத்தில் எது தப்பிருந்தாலும் அது என்னோடு போகட்டும் என்பதற்காகத்தான் அவள் கீழே நின்றாள். அதைச் சட்டம் என்று மட்டுமே நான் புரிந்துகொண்டிருந்தேன். சட்டம் கொஞ்சம் விலகி நின்றதும் அவளை ஏற்றிவிட்டேன்.

"இல்லம்மா" என்றேன்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தாள்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க விமானம் தரையில் இருந்தது. பசை வாங்கி வந்து ஒரே நாளில் முடித்திருக்கலாம். பெரியவர் விடவில்லை. அவர் சொன்னபடி எல்லா இணைப்பையும் பிரித்தோம், குழாய்களைக் கழுவினோம். பிறகு, நான் செய்யாமல் விட்ட சோதனையைச் செய்தோம். விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்டிருக்கும் சோதனைப் பறப்புக் கையேட்டில் இது இருக்கிறது. மேலே ஏறும்போது விமானம் நிற்கும் கோணத்துக்கு மேலாகவே மூக்கைத் தூக்கி நிறுத்த வேண்டும். கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி, பம்ப்பைப் போட்டு, வரும் பெட்ரோலை அளவுக் கேனில் பிடித்து நேரம் பார்க்க வேண்டும். பம்ப் உள்ள விமானம் என்றால் முழு விசைக்கு இஞ்சின் குடிப்பதில் 125 சதவீதமாவது வர வேண்டும்; உயரத்திலிருந்து தானாக இறங்கும் அமைப்பு என்றால் 150 சதவீதம். என் இஞ்சினுக்கு நிமிடத்துக்கு 1.1 லிட்டருக்கு மேல். கேனில் பிடித்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தோம். இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால், அந்தச் சுருள் வந்து விழுந்திருக்க வேண்டிய இடம் அந்தத் துணி.

கையில் வாட்சோடு கேனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் பட்டறை ஞாபகம் வந்தது. அங்கே எந்த பம்ப்பும் டெஸ்ட் பெட்டில் ஏற்றித் தண்ணீரை அளந்து பார்க்காமல் வெளியே போகாது. ஆயிரமாவது பம்ப்பாக இருந்தாலும் அளப்பார்கள். கிணற்றுக்கு எடுத்துப் போகும் விவசாயிக்குக் கொடுத்த அந்த மரியாதையை நான் என் மகளுக்குக் கொடுக்கவில்லை.

பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வை அந்தக் குளிர்காலத்தில் மறுபடி எடுத்துப் படித்தேன். அமெரிக்காவின் தனியார் சிறு விமானங்களில் வீட்டில் கட்டியவை ஏறக்குறைய 10 சதவீதம்தான். 2011-ல் நடந்த விபத்துகளில் அவற்றின் பங்கு சுமார் 15 சதவீதம். உயிர் போன விபத்துகளில் 21 சதவீதம். இஞ்சின் விசை இழப்பும், விமானம் கட்டுப்பாட்டை இழப்பதும் முன்னணிக் காரணங்கள். எரிபொருள் அமைப்பைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் பரிந்துரையும் இருக்கிறது. முன்பும் படித்ததுதான். அப்போது அந்த எண்கள் வேறு யாரையோ பற்றியவை.

இப்போது எந்த வேலையை எடுத்தாலும் ஸ்பானரைத் தொடும் முன் லாக்புக்கைத் திறக்கிறேன். எதை மாற்றப் போகிறேன், எப்படிச் சோதிப்பேன், எத்தனை மணி நேரம் தனியாக ஓட்டுவேன் என்று முதலில் எழுதுகிறேன். பெரிய மாற்றமா, சின்ன மாற்றமா என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். எழுதிய பக்கத்தைப் பெரியவரிடம் காட்டுகிறேன். சில சமயம் ஒரு வார்த்தை கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்காக வேலை ஒரு மாதம் தள்ளிப்போனதும் உண்டு.

வசந்தத்தில் விமானம் மறுபடி பறந்தது. நிர்வாகத்துக்குத் தெரிவித்து, 5 மணி நேரத்தைத் தனியாக ஓட்டி, அதற்கு மேலும் ஓட்டினேன். அதற்கப்புறம் மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது, வருகிறாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மறுக்கவில்லை. "லாக்புக்கைக் காட்டுங்கப்பா" என்றாள். ரிவெட்டைப் பார்த்த அதே கண்ணோடு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சென்ற மாதம் ஒரு குழாயை மாற்றியதாக எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். அதற்கப்புறம் எத்தனை மணி நேரம் ஆகியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கப்பா. அடுத்த லீவுல பாக்கலாம்."

நியாயம்தான். ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.